குரலே வேஷமாக இருந்த காலம்

பேரையூரிலிருந்து மேற்கே பார்த்தால் சாப்டூர் மலையும் அதை ஒட்டிச் சதுரகிரியும் நீலமாகத் தெரியும். அந்த மலையடிவாரத்தை அனுசரித்துத் தெற்கே சென்றால் வத்திராயிருப்பும், அதன் அருகே, நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து உயிர்நீத்த இடம் என்று ஜனங்கள் இன்றும் வணங்கிவரும் அர்ச்சுனாபுரமும் வந்துவிடும். கதை பிறந்த மண் இவ்வளவு சமீபத்தில் இருப்பதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நல்லதங்காள் நாடகம் நடக்கும்போது, மூத்த பிள்ளை மேடைக்கு வந்து பசியைச் சொல்லிப் பாடுகிற கட்டம் வருவதற்கு வெகு முன்னதாகவே, பெண்கள் முந்தானையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்த மூத்த பிள்ளையின் வேஷத்தில்தான், அரைக்கால் சட்டைப் பருவத்துச் சிறுவனாக, கொடுமுடியைச் சேர்ந்த ஓர் ஏழைச் சிறுமி முதன்முதலாக மேடையில் நின்றாள். 1908இல் பிறந்தவள். குடும்பத்தின் வறுமையைத் தாங்கமாட்டாமல் ரயில் வண்டிகளில் பாடிப் பிழைத்த அந்தக் குழந்தையின் சாரீரத்தைக் கேட்டு வியந்தவர்கள் அவளை நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கம்பெனியார் அவளுக்குக் கொடுத்ததோ பாலபார்ட், அதாவது ஆண்பிள்ளை வேஷம். பின்னாளில் கே. பி. சுந்தராம்பாள் என்று தமிழ்நாடே கைகூப்பிய அந்த அம்மையாரின் கலைவாழ்வு ஓர் ஆணின் உடையில் தொடங்கியது என்பதையும், அவருடைய சினிமாப் பிரவேசமும் ஓர் ஆணின் உடையிலேயே நிகழ்ந்தது என்பதையும் சேர்த்து நினைக்கிறவர்கள் இன்று குறைவு.

சென்ற வாரம் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கடைசி நாட்களைப் பார்த்தோம். இந்த வாரம், அவர் வளர்த்த மேடையில் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் நின்ற அந்த அபூர்வமான சம்பிரதாயத்தையும், அதன் இரண்டு சிகரங்களாக நான் மதிக்கும் சுந்தராம்பாளையும் டி. கே. சண்முகத்தையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். பெரியவர்களான நடிகர்களின் ஒழுங்கீனத்தால் மனம் சலித்துப்போன அவர், இளம்பிள்ளைகளைப் பிடித்துப் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து நாடகத்தைத் தூய்மைப்படுத்த முனைந்தார். பெண்கள் மேடையேறுவதை மரியாதைக் குறைவாகக் கருதிய காலமும் அதுவே. ஆகவே சீதையும் சாவித்திரியும் வள்ளியும் அல்லியும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்தாம். சுவாமிகள் ஆரம்பித்துவைத்த இந்த வழியிலே மதுரையில் முளைத்த பாலர் கம்பெனிகள் பல. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பால கான சபையில் சீதையாக நின்ற சிறுவன்தான் பிற்காலத்துச் சிவாஜி கணேசன். பெண்மையின் நளினத்தைக் கற்றுக்கொண்ட பிறகே ஆண்மையின் கம்பீரத்துக்கு வந்தவர் அவர் என்பதை அவருடைய நடையையும் கண்ணையும் கூர்ந்து கவனித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைக்கு மேலே ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனின் குரல் உடைந்து கரகரத்துப்போகும் அந்த இயற்கையான மாறுதல், மற்ற வீடுகளில் பிள்ளை பெரியவனாகிறான் என்ற சந்தோஷ சமாசாரம். நாடகக் கம்பெனியிலோ அது ஒரு மரணச் செய்தி. நேற்றுவரை ஊரே கொண்டாடிய ஸ்திரீபார்ட், அதாவது பெண்வேஷக்காரன், இன்று காலை எழுந்து சாதகத்துக்கு உட்காரும்போது மேல் ஷட்ஜம் எட்டாமல் தவிப்பான். எம். ஜி. ராமச்சந்திரனும் பி. யு. சின்னப்பாவும் இருந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் இந்தத் துக்கம் வீடு வீடாக வருகிற அம்மையைப்போலப் பையன் பையனாக வந்துபோயிற்று.

என் பதினான்காவது வயதில், பேரையூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பங்குனிப் பொங்கலுக்கு நடந்த வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகத்தின்போது, கொட்டகைக்குப் பின்னால் கீற்று மறைத்த வேஷ அறையில் ஒரு முதியவரைப் பார்த்தேன். நடிகர்களுக்கு அரிதாரம் பூசிவிடுவதும் சவுரிமுடி கோத்துக்கொடுப்பதும் அப்போது அவருக்குத் தொழில். வள்ளி வேஷம் போட வந்திருந்த அம்மாளுக்குப் பின்னலைக் கட்டிவிட்டு, ஜடையின் நுனியை இரண்டு விரலால் எடுத்து முன்பக்கம் தோளில் போட்டுக் காண்பித்து, “இப்படிப் போட்டுக்கிட்டுத் திரும்பணும் தாயி, தோள் திரும்பக் கூடாது, கழுத்து மட்டும் திரும்பணும்” என்று அவர் சொல்லியபோது, அந்த ஒரு கணம், நரைத்த மீசையும் ஒட்டிய கன்னமுமாக இருந்த அந்த முகத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனதை நான் கண்ணாரக் கண்டேன். “நீங்க ஸ்திரீபார்ட்டா தாத்தா?” என்று கேட்டேன். “அஞ்சு வருசம்” என்றார். மகரக்கட்டு வந்த இரவில், அசோகவனத்துச் சீதையாக நடுமேடையில் நின்று விருத்தம் எடுத்தபோது குரல் பிளந்துபோனதாகவும், ஆர்மோனியக்காரர் உடனே பின்பாட்டில் அந்த வரியைத் தாமே எடுத்து முடித்துத் தன் மானத்தைக் காத்ததாகவும் சொன்னார். ஆர்மோனியக்காரரின் பெயரைச் சொல்லும்போது அவர் கை தானாகக் குவிந்தது. அதன் பிறகு அவர் மேடையில் பாடியதே இல்லை.

ஒரு பையனைச் சீதை என்றும் ஒரு பெண்ணை நந்தன் என்றும் ஏற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள் விடியவிடிய அழுதது எப்படி? அந்தக் காலத்து ஜனங்கள் வெகுளிகள் என்று சிலர் சொல்லுகிறார்கள்; அதை நான் ஒப்பமாட்டேன். காரணம் சங்கீதத்தில் இருக்கிறது. ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியைச் சொல்லும் நம் வழக்கப்படி, இன்று கச்சேரி செய்யும் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் நான்கு, ஐந்து கட்டையிலும் பாடுகிறார்கள். மைக்கும் ஒலிபெருக்கியும் வராத நாளில், திறந்த வெளியில், கடைசி வரிசையில் வண்டியை அவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பவனுக்கும் சாகித்தியம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், கதாநாயக வேஷமான ராஜபார்ட் நடிகரும் அந்த நான்கு, ஐந்து கட்டைக்கே ஏறியாக வேண்டும். ஏறினார்கள், செங்கோட்டை கிட்டப்பா ஏறினார், சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் ஏறினார். அந்த உச்ச ஸ்தாயியில் ஆண் சாரீரத்துக்கும் பெண் சாரீரத்துக்கும் நடுவே இருக்கிற வேலி மறைந்துபோகிறது. கண்ணை மூடிக்கொண்டால் பாடுவது ஆணா பெண்ணா என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பட்டும் ஜரிகையும் ஒட்டியாணமும் வெறும் அலங்காரம். உண்மையான வேஷத்தைக் குரல் போட்டுக்கொண்டிருந்தது.

அதோடு, நம் ஜனங்களின் மனம் இதற்குப் பழகிய மனம். நம்மாழ்வார் தம்மைப் பராங்குச நாயகியாகப் பாவித்துக்கொண்டு பாடியதைப் பக்தி என்று கொண்டாடியவர்கள் நாம். சித்திரைத் திருவிழாவில் வைகை இறங்கிய கள்ளழகர், ராமராயர் மண்டபத்தில் இரவெல்லாம் தசாவதாரம் காட்டி மோகினித் திருக்கோலத்தில் நிற்கும்போது, “அழகரா, இது அம்மனா?” என்று எந்தக் குழந்தையும் தாயைக் கேட்பதில்லை. பேரையூரிலிருந்தும் கல்லுப்பட்டியிலிருந்தும் அந்த நாளில் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் அதைக் கண்டு திரும்பியவர்களுக்கு, மேடையில் ஒரு சிறுவன் சேலை கட்டி வந்தால் அது விநோதமாகப்படுமா?

இனிச் சுந்தராம்பாளுக்கு வருவோம். 1926இல் இலங்கையில் கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறியதும், அடுத்த ஆண்டே அவரை மணந்ததும், வள்ளி திருமணத்தில் அவ்விருவரும் பாட்டுக்குப் பாட்டு எதிர்நின்றபோது கொட்டகைகள் பிதுங்கியதும், பிணக்குகளும் பிரிவுகளும், எல்லாம் பலமுறை எழுதப்பட்ட சரித்திரம். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில், கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயது நிரம்பியிருந்த சுந்தராம்பாள் வெள்ளைக் கதராடை உடுத்தினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார்.

இந்த நிலையில்தான் அசன்தாஸ் என்ற படமுதலாளி “பக்த நந்தனார்” எடுக்க முனைந்து அவரைத் தேடிவந்தார். மறுத்து அனுப்பும் நோக்கத்தோடு அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், வந்தவர் தயங்காமல் சம்மதித்துவிட்டார் என்றும் சொல்லுவார்கள். பேசும்படம் தமிழில் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், ஒரு லட்சம் என்ற தொகையைக் கேட்டுத் தமிழ்நாடு மலைத்தது. ஆனால் தொகையைக் காட்டிலும் என் மனத்தைத் தொடுவது வேஷம். நந்தனார் ஆண், அதுவும் காதலும் கல்யாணமும் இல்லாமல் சிதம்பரத்தையே நினைத்து உருகும் ஆண். ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதமிருந்த ஒரு பெண்ணுக்கு, விரதமும் பங்கப்படாமல், பாட்டும் பட்டினி கிடக்காமல், சினிமா திறந்துவைத்த ஒரே வாசல் அந்த ஆண்வேஷம்தான். அவர் ஆணாக நடித்தது கேளிக்கைக்கு அல்ல. தம் துக்கத்தை மரியாதையாக வைத்துக்கொள்வதற்கு.

மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படம் 1935இல் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இரண்டு பெரிய சாரீரங்கள் எதிரெதிரே நிற்கிற அந்த ஏற்பாட்டைக் கேட்டே ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தைக் கடுமையாக விமரிசித்து, நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்று எழுதினார். கல்கியினிடத்தில் எனக்குள்ள பக்தி குறைந்ததல்ல; ஆயினும், அந்த விமரிசனத்தில் அவர் கண்ணால் பார்த்தாரேயன்றிக் காதால் பார்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். மேடையிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு நடிகையினுடைய அபிநயம் காமிராவின் அருகாமைக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம். மேடையில் இருபது கஜ தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்து கேட்பவனுக்காக ஏற்பட்ட வேஷம் அது. அந்தத் தூரத்தை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும். குரல் மட்டும் எவ்வளவு அருகில் வந்தாலும் கலையாது. அந்தப் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. நந்தன் பாட்டுக்களை இசைத்தட்டில் கேட்கலாம். கல்கி குறைசொன்ன பாகம் அழிந்துபோய், அவர் சொல்லாமல் விட்ட பாகம் மாத்திரம் நம்மிடம் தங்கியிருக்கிறது.

நந்தனாருக்குப் பிறகு அவர் ஏற்றுக்கொண்ட பாத்திரங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் அவ்வையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தி அடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். துறவி, கிழவி, சமணத் துறவி, உடம்பின் தசையை உதறிப் பேயுருவை இரந்து பெற்ற அம்மை. ஆணாக நின்று தொடங்கிய அந்தக் கலைஞர், அதன்பின் ஆண் பெண் என்ற எல்லைக்கு வெளியே போய்விட்டவர்களாகவே தேடித்தேடி நடித்தார். பெரியோர் யாரும் அவருக்கு இதைத் திட்டமிட்டுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அது அவருடைய சங்கற்பத்திலிருந்து தானாக விளைந்தது.

இதற்கு நேர்மாறான பிரயாணம் சண்முகத்தினுடையது. 1912இல் பிறந்தவர், தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் ஸ்திரீபார்ட்டில் பெயர் பெற்ற நடிகர். ஆறு வயதில், சகோதரர்களோடு, மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் சேர்ந்தார். அந்தக் குழந்தைக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதிமுடித்த அதிசயத்தை முன் ஒரு வாரம் சொல்லியிருக்கிறேன். 1935இல் “மேனகா”, பின்னர் “பாலாமணி”, “குமாஸ்தாவின் பெண்”, “பில்ஹணன்” என்று சகோதரர்கள் படங்களில் நடித்தார்கள். “கப்பலோட்டிய தமிழ”னில் சுப்பிரமணிய சிவாவாக அவர் தோன்றியதை மறக்க முடியாது. இருந்தாலும், தமிழ்நாடு அவருக்கு வைத்த பெயர் மேடையில் அவர் போட்ட ஒரு கிழவியின் பெயர்.

1940களில் டி. கே. எஸ். சகோதரர்கள் அவ்வையார் நாடகத்தை அரங்கேற்றியபோது சண்முகத்துக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. மகரக்கட்டைக் கடந்து வெகுகாலம் ஆன ஆண்குரல். இளம்பெண்ணாக அவரால் இனி நடிக்க இயலாது. ஆனால் அவ்வையின் கதை என்ன? கல்யாணம் வேண்டாம் என்று விநாயகரை வேண்டி, இளமையையும் அழகையும் கொடுத்துவிட்டு முதுமையை வாங்கிக்கொண்டவள். பெண்ணுடம்பின் அடையாளங்களை அவளே கழற்றிவைத்துவிட்ட பிறகு, அந்த வெற்றுக் கூட்டுக்குள் ஓர் ஆண் நடிகன் பிரவேசிப்பதில் என்ன தடை? குரல் தழுதழுக்கலாம், கரகரக்கலாம். அது கிழவிக்கு லட்சணமே. பல் இருந்தால் பொக்கை வாய்ச் சொல் வராது என்று தம் பற்களையே பிடுங்கிக்கொண்டார் என்பது நாடகக்காரர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தி மரியாதையோடு சொல்லும் சமாசாரம். அதன்பின் அவர் அவ்வை சண்முகம். சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு இன்று பெயர் அவ்வை சண்முகம் சாலை. அவர் குழுவில் பால்யத்தில் பயின்ற கமல்ஹாசன், 1996இல் பெண்வேஷம் போட்டு நடித்த படத்துக்கு “அவ்வை சண்முகி” என்று பெயரிட்டது குருவுக்குச் செய்த வந்தனம்.

ஆக, பெண் ஒருத்தி நந்தனானாள். ஆண் ஒருவர் அவ்வையானார். அதே அவ்வையைப் பின்னர் அந்தப் பெண்ணே திரையில் ஏற்றார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படத்தை ஜெமினி அதிபர் வாசன் பல ஆண்டுகள் பொறுமையாகத் தயாரித்தார். அதில் சுந்தராம்பாளின் பாட்டுக்கள் ஊர் ஊராகப் போயின. சுந்தராம்பாளையும் சண்முகத்தையும் ஒரு நூலில் கோத்த மூன்றாவது மனிதரையும் சொல்லியாக வேண்டும். டி. கே. எஸ். குழுவில் சிறுவனாகச் சேர்ந்து பெண் வேஷங்களில் பெயர் வாங்கிய ஏ. பி. நாகராஜன், 1965இல் நம் மதுரையின் கதையான “திருவிளையாடல்” படத்தை இயக்கியபோது, அவ்வையாக அழைத்து நிறுத்தியது சுந்தராம்பாளையே. பாணபத்திரராக நடித்தவர் நம் தென்கரை மகாலிங்கம். சேலை கட்டி மேடையில் நின்ற ஒருவர் காமிராவுக்குப் பின்னால் நின்று, ஆண்வேஷத்தில் திரைக்கு வந்த ஒருவரைப் பாடச் சொல்லி, உச்ச ஸ்தாயிக் குரலால் வாழ்ந்த இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்த படம் அது. ஒலிபெருக்கி அந்தக் குரல்களின் தேவையை நீக்கிவிட்ட பிறகும், அவற்றின் மதிப்பை அறிந்த ஒருவர் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

சுந்தராம்பாளுக்கு 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969இல் வெளிவந்த “துணைவன்” படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதும் கிடைத்தது. சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 1980இல் காலமானார். சண்முகத்துக்கு 1971இல் பத்மஸ்ரீ. அவர் தம் மேடை அனுபவங்களை “எனது நாடக வாழ்க்கை” என்ற நூலாக எழுதிவைத்துவிட்டு 1973இல் மறைந்தார். நாடகத்தில் ஆர்வமுள்ளவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய நூல் அது.

பெரியவர்கள் இருவருக்கும் தட்டும் நூலும் இருக்கின்றன. என் மனம் மீண்டும் மீண்டும் போவது அந்த வேஷ அறையின் முதியவரிடம். ஐந்து வருஷம் சீதையாகப் பாடிய அவருடைய சாரீரம் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. பாலர் கம்பெனிகளில் அப்படிப் பாடி, மகரக்கட்டோடு மௌனமாகிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். சுவாமிகளின் நினைவு நாளில் மதுரை தமுக்கத்தில் உள்ள அவர் சிலைக்கு மாலை போட நாடகக் கலைஞர்கள் கூடுகிறார்கள். சுண்ணாம்புக்காரத் தெருவில் உள்ள நடிகர் சங்கத்துக்கு இன்றும் கிராமத்தார் வந்து ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று விசாரித்து நாடகம் பேசிவிட்டுப் போகிறார்கள். ஸ்திரீபார்ட் என்ற சொல் இருக்கிறது. இப்போது அதைப் பெண்களே ஏற்கிறார்கள், சிறப்பாகவே ஏற்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு முதலில் உயிர் கொடுத்த பையன்களின் பெயர், மஞ்சளும் ரோஸுமாக அச்சடித்த பழைய நாடக நோட்டீஸ்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

பேரையூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, சோழவந்தான் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனார் காலத்துத் தகரப்பெட்டியில் நாடக நோட்டீஸோ, பாட்டுப் புத்தகமோ, கிராமபோன் தட்டோ, சேலை கட்டிய பையன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோவோ இருந்தால், அதைக் கழிவென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுதும் சேர்த்தவற்றைக் கொண்டு சென்னையில் நடந்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகையவற்றைப் பாதுகாக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போட்டோவின் பின்பக்கத்தில் அந்தப் பையனின் பெயரையும் ஊரையும், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கேட்டு எழுதிவையுங்கள்.